‘காம்’ என்றால் அடுப்பை அணை

போன வாரம் ஒரு மத்தியானம் நந்தினி போன் செய்தாள். ஏற்காட்டில் நான் வேலை பார்த்த ஓட்டலில் இப்போது ரிசப்ஷனில் இருக்கும் பெண். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் சேர்ந்தாள். குரல் அழுவதற்குத் தயாராக இருந்தது.

“அண்ணா, ‘காம்’னா கெட்ட வார்த்தைங்களா?”

“எந்தக் காம், கண்ணு?”

“சி ஏ எல் எம்முங்க. ஒரு கெஸ்ட்டு சுடுதண்ணி வரலைன்னு கத்துனாருங்க. நான் பவ்யமாத்தானுங்க ‘காம் டவுன் சார்’னு சொன்னேன். அதுக்கப்புறந்தான் நெசமாலுமே கத்த ஆரம்பிச்சாரு. இப்ப ரிவியூல ஒத்த ஸ்டார் போட்டு, ரிசப்ஷன்ல இருக்கற பொண்ணு என்னைய அவமானப்படுத்திருச்சுன்னு எழுதிட்டாருங்க. டிக்ஷனரில பார்த்தா அமைதின்னுதானுங்க போட்டிருக்குது!”

டிக்ஷனரி எழுதியவர் ஓட்டலில் வேலை பார்த்திருக்க மாட்டார் என்று சொன்னேன். சிரித்துவிட்டாள். “அப்ப நெசமான அர்த்தம் என்னங்கண்ணா?” என்று கேட்டாள். அது போனில் சொல்லி முடிகிற சங்கதி இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் அதே மலையில் இருக்கும் வாழவந்தி ஊர்க்காரன். அந்த ஓட்டலுக்குப் பாத்திரம் கழுவ வந்தேன். பிறகு ரூம் சர்வீஸ், பிறகு டைனிங் ஹால், கடைசியில் சூப்பர்வைசர் என்று முடித்தேன். இடப்பக்கமிருந்து பரிமாறுவது, வலப்பக்கமிருந்து தட்டை எடுப்பது, நாப்கினைத் தாமரை மாதிரி மடிப்பது, “ரைட் அவே சார்” என்று சொல்லிவிட்டு நிதானமாக நடப்பது, இதெல்லாம் தானாகக் கைக்கு வந்துவிட்டது. என்னைப் படுத்தி எடுத்தது இந்த ஒரு வார்த்தைதான்.

அதை எங்கள் ஓட்டலுக்குக் கொண்டுவந்தவர் மேனேஜர் எட்வின் சார். பெங்களூரில் பிறந்து வளர்ந்தவர். தமிழ் நன்றாகப் புரியும். பேசும்போது மட்டும் மரியாதை இடம் மாறிவிடும். முதலாளியிடம் “நீ எப்போ வந்தே சார்?” என்பார். வாசலில் படுத்திருக்கும் நாயிடம் “கொஞ்சம் தள்ளிப் படுங்க” என்பார். எந்த வெயிலிலும் டை இல்லாமல் அவரைப் பார்த்ததில்லை.

அவருக்குக் கோபம் வருவது ஒரு முறைப்படி நடக்கும். முதலில் காது சிவக்கும். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி டையின் நுனியால் துடைப்பார். துடைத்ததை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். மறுபடி மாட்டிக்கொண்டு எங்களையெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, சன்னமான குரலில், “காம், எவ்ரிபடி. காம்” என்பார். அடுத்த நொடி ஓட்டல் கூரை அதிரும்.

இதை அடிக்கடி பார்த்துப் பார்த்து, எங்களுக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் வேறு மாதிரி பதிந்துவிட்டது. எங்கள் சமையல்காரர் மணி மாஸ்டர், பக்கத்து ஊரான வெள்ளக்கடையிலிருந்து வருபவர், அந்தச் சொல் சமையல்கட்டு ஜன்னல் வழியாகக் காதில் விழுந்தாலே எல்லா அடுப்பையும் அணைத்துவிடுவார். ஒருநாள் நான் சாம்பார் வாளியோடு போய், “ஏனுங்க மாஸ்டர், கேஸு தீர்ந்துருச்சுங்களா?” என்று கேட்டேன்.

“சாரு காம் சொல்லிட்டாரு சாமி. இனி கொஞ்ச நேரத்துக்கு இங்க எதுவும் வேகாது” என்றார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். விருந்தாளி கோபப்பட்டால் எட்வின் சார் வேறு ஆளாகிவிடுவார். அதற்கென்று ஒரு நடைமுறை வைத்திருந்தார். கத்துகிறவரிடமிருந்து இரண்டு கை தூரத்தில் நிற்க வேண்டும். கைகள் முதுகுக்குப் பின்னால். தலை லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருக்க வேண்டும்; நொம்பச் சாய்ந்தால் கிண்டல் மாதிரி ஆகிவிடும். குறுக்கே பேசக் கூடாது. அவர் மூச்சு வாங்க நிறுத்தும்போது, அவர் கடைசியாகச் சொன்ன வார்த்தையை மட்டும் எடுத்து, வருத்தத்தோடு திருப்பிச் சொல்ல வேண்டும்.

“டீயில எறும்பு!”

“எறும்பு, சார்?”

“செத்த எறும்புய்யா!”

“செத்த…” என்று சொல்லி எட்வின் சார் கண்ணை மூடுவார். அந்த எறும்பு அவருக்குச் சொந்தக்காரன் மாதிரி இருக்கும். கத்தியவரே கடைசியில் அவரைத் தேற்றிவிட்டுப் போவார்.

எனக்கும் அந்த வார்த்தைக்கும் முதல் தகராறு ஒரு குரங்கால் வந்தது. சென்னையிலிருந்து வந்த ஒரு டீச்சரம்மாவின் கண்ணாடியைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு காட்டேஜ் கூரை மேல் ஏறிவிட்டது. கண்ணாடி இல்லாமல் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. பக்கத்திலிருந்த பூந்தொட்டியைப் பார்த்து “கொடு, கொடு” என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். நான் குச்சியைத் தூக்கிக்கொண்டு குதித்தேன். ஆபீஸ் மாடி ஜன்னலிலிருந்து எட்வின் சார் கையை ஆட்டி, “காம், பழனி! காம்!” என்றார்.

எனக்கு அது ‘கம்’ என்று கேட்டது. வா என்றால் போகத்தானே வேண்டும்? குச்சியைப் போட்டுவிட்டு மாடிக்கு ஓடினேன்.

“நீங்க ஏன் வந்தே?” என்றார்.

“நீங்கதானுங்க சார் வரச் சொன்னீங்க.”

“நான் காம் சொன்னேன்! போங்க!”

கீழே ஓடினேன். குரங்கு இப்போது கண்ணாடியைத் தானே மாட்டிக்கொண்டு டீச்சரம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு கல்லை எடுத்தேன். மேலிருந்து மறுபடியும் “காம்!” மறுபடியும் மாடிக்கு ஓடினேன். காது சிவந்துவிட்டது, எனக்கில்லை, அவருக்கு. மூன்றாவது தடவை குரல் வந்தபோது நான் புத்திசாலித்தனமாக அசையாமல் நின்று, முகத்தை அமைதியாக வைத்துக்கொண்டேன். அவர் கத்தக் கத்த இன்னும் அமைதியானேன். அந்த ஒரு தடவைதான் அவர் உண்மையாகவே ‘கம்’ என்று சொல்லியிருக்கிறார். முதலாளி போனில் என்னைக் கேட்டாராம்.

கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. குரங்குக்கு அதன் வழியாகப் பார்த்தது பிடிக்கவில்லை போலிருக்கிறது. கழற்றி ஓடையோரம் போட்டுவிட்டுப் போய்விட்டது.

மறுநாள் எட்வின் சார் எங்கள் எல்லோரையும் டைனிங் ஹாலில் உட்காரவைத்து வகுப்பு எடுத்தார். மெனு எழுதும் பலகையில் அந்த நாலு எழுத்தையும் பெரிதாக எழுதினார். நான் ‘கால்ம்’ என்று எழுத்துக் கூட்டிப் படித்தேன். எல் எழுத்தை உச்சரிக்கக் கூடாது என்றார். மணி மாஸ்டருக்கு அது ஒப்பவில்லை.

“வாயில வராத எழுத்த எதுக்குங்க சார் நடுவுல சேர்த்தாங்க?”

எட்வின் சார் யோசித்தார். “அந்த வார்த்தையிலே அந்த எல் ஒண்ணுதான் மாஸ்டர் காமா இருக்குது” என்றார். அவர் சொன்னதில் எனக்கு முழுசாகப் புரிந்த இலக்கணம் அதுதான்.

அதன்பிறகு அந்த வார்த்தை எங்கெல்லாம் செல்லுபடியாகிறது என்று நானே கவனிக்க ஆரம்பித்தேன். ஏரியைக் காட்டிச் சொல்லலாம், ஏரி கோபித்துக்கொள்ளாது. சாயங்காலத்தைச் சொல்லலாம். தூங்குகிற குழந்தையைச் சொன்னால் அம்மாவுக்குச் சந்தோஷம். ஆனால் முழித்துக்கொண்டிருக்கும் பெரிய மனுசர் முகத்துக்கு நேரே ‘டவுன்’ சேர்த்துச் சொன்னால், பதில் எப்போதும் ஒன்றுதான்: “நான் காமாத்தான் இருக்கேன்!” இதை மெல்லச் சொன்னவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. ஒரு மாப்பிள்ளை புதுப்பெண்ணிடம் அதைச் சொல்லிவிட்டு, மிச்ச தேன்நிலவை ரிசப்ஷன் சோபாவில் பேப்பர் படித்துக் கழித்தார்.

அதற்கு ஒரு தம்பி வார்த்தை உண்டு, ‘கூல்’. அதிலும் வழுக்கி விழுந்திருக்கிறேன். கல்லூரிப் பையன் ஒருவனுக்கு ஆவி பறக்கத் தக்காளி சூப் கொண்டுபோய் வைத்தேன். பார்த்துவிட்டு “கூல்” என்றான். மன்னிப்புக் கேட்டு எடுத்துப் போய்ச் சூடு பண்ணிக் கொண்டுவந்தேன். “கூல், கூல்” என்றான். மூன்றாவது முறை சூடு பண்ணியதில் சூப் சட்னியாகிவிட்டது. மணி மாஸ்டர், “அவனுக்கு வாய்க்குள்ள தோலே இல்லீங்களா?” என்று எட்டிப் பார்த்தார்.

இனிச் சொல்லப்போவதுதான் பெரிய சம்பவம்.

எங்கள் புல்வெளியில் ஒரு நிச்சயதார்த்தம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஆத்தூர்ப் பக்கம். மாப்பிள்ளையின் பெரியப்பா ராஜமாணிக்கம் என்பவர் விடிந்ததிலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். காப்பி தண்ணியாக இருக்கிறது என்றார். மாற்றிக் கொடுத்தால் கசக்கிறது என்றார். பந்தல்காரரை, ஐயரை, மேளக்காரரை எல்லாம் முடித்துவிட்டு என்னிடம் வந்து, “ஏனுங்க, எதுக்குங்க இங்க இத்தனை குளிரு?” என்று அதட்டினார். குளிரை நான்தான் திறந்துவிட்ட மாதிரி நின்றேன். அவருக்கு முழங்காலில் வலி. உட்கார்ந்தால் எழ இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும்.

அவர் மனைவி சரசு அம்மா. கையில் பிளாஸ்க்கும் சால்வையும் மாத்திரை டப்பாவுமாக அவர் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். பெரியவர் ஒருவரைத் திட்டி முடித்து அடுத்தவரிடம் நகர்ந்ததும், இந்த அம்மா திட்டு வாங்கியவர் முன்னால் ஒரு கணம் நின்று லேசாகச் சிரித்துவிட்டுப் போவார். அன்று காலையில் அந்தச் சிரிப்பை நானே இரண்டு மூன்று தடவை வாங்கியிருப்பேன். அவர் வாய் திறந்து மட்டும் யாரும் பார்க்கவில்லை.

நிச்சயம் நல்லபடியாக முடிந்தது. எல்லோரும் பந்திக்கு டைனிங் ஹாலுக்குள் போய்விட்டார்கள். பெரியவர் மட்டும் புல்வெளியில் ஒரு பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, டவர் கிடைக்கவில்லை என்று கையிலிருந்த போனைத் திட்டிக்கொண்டிருந்தார். சரசு அம்மா அவருக்குப் பாயசம் வாங்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தார். நானும் எட்வின் சாரும் அங்கேதான் நின்றிருந்தோம். அந்த அம்மாவின் கையிலிருந்த டம்ளர் சாய்ந்தது. பாயசம் என் ஷூ மேல் கொட்டியபோதுதான் நிமிர்ந்து பார்த்தேன்.

புல்வெளி வாசலில் கட்டியிருந்த வாழைமரத்தை ஒரு காட்டெருமை தின்றுகொண்டிருந்தது.

பக்கத்துக் காப்பித் தோட்டத்திலிருந்து வந்திருக்க வேண்டும். கன்னங்கரேலென்று, காலில் மட்டும் வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி. தோள் உயரம் பந்தல் வளைவைத் தொட்டது. அதற்கும் பெரியவர் முதுகுக்கும் நடுவில் ஒரு கார் நிறுத்துகிற இடம்தான் இருக்கும். பெரியவர் அதற்கு முதுகைக் காட்டியபடி, “அலோ! அலோ!” என்று போனில் கத்திக்கொண்டிருந்தார்.

எட்வின் சார் கண்ணாடியைக் கழற்றவில்லை. நேராக வார்த்தைக்கே வந்துவிட்டார். “காம், எவ்ரிபடி” என்று நடுங்கிய குரலில் சொன்னார்.

பரிமாறிக்கொண்டிருந்த எங்கள் ஆட்களுக்கு அது கேட்டது. கேட்டால் என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள். இரண்டு பேர் ஸ்டோர் ரூமுக்குள் ஓடி ஒளிந்தார்கள். ஒருவன் ரசவாளியைக் கீழே போட்டான். மணி மாஸ்டர் அடுப்பை அணைத்ததோடு நிற்காமல் சமையல்கட்டு ஷட்டரையும் படாரென்று இழுத்துவிட்டார்.

காட்டெருமை தலையைத் தூக்கியது. பெரியவரும், “எவன்டா அவன் கதவ ஒடைக்கறவன்?” என்று திரும்பினார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“சார்! காம்! காம்!” என்று எட்வின் சார் வராந்தாவிலிருந்து கூவினார்.

“எப்புடிய்யா வர்றது? கால் வருமாய்யா எனக்கு? ஆளு வந்து தூக்குங்கடா!” பெரியவர் நாற்காலிக் கைகளை ஊன்றி எழப் பார்த்தார். நாற்காலி கிறீச்சிட்டது. கையிலிருந்த போனை வீசினார். அது காட்டெருமையின் முன்னங்காலுக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. மாடு ஒரு பெருமூச்சு விட்டது. வராந்தா வரைக்கும் கேட்டது. தலையைத் தாழ்த்தி ஓர் அடி முன்னால் வைத்தது.

“ஏனுங்க…” என்றார் சரசு அம்மா. அதற்கு மேல் குரல் வரவில்லை. கம்பத்தைப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு அப்போது தைரியம் வந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். இங்கிலீஷ் முழுவதும் மறந்துபோயிற்று. நடைமுறை, இரண்டு கை தூரம், எல்லாம் மறந்துபோயிற்று. என்னை அறியாமல் தொண்டையிலிருந்து ஒன்று வெளியே வந்தது.

“யோவ்! கம்முனு உக்காரு!”

பெரியவர் உறைந்துவிட்டார். பயத்தால் இல்லை. அவர் பிறந்ததிலிருந்து அவரிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை என்பது அந்த முகத்தில் எழுதியிருந்தது. வாய் திறந்தபடி, கண் என்னைப் பார்த்தபடி, அப்படியே நாற்காலியில் தொப்பென்று அமர்ந்தார். மொத்த இடமும் கம்மென்று ஆகிவிட்டது.

காட்டெருமை கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தது. பிறகு தலையைத் திருப்பி விட்ட இடத்திலிருந்து வாழைமரத்தைத் தொடர்ந்தது. ஒன்றை முடித்து, அந்தப் பக்கத்து மரத்தையும் முடித்தது. அப்புறம் வளைவிலிருந்த செண்டுமல்லிச் சரத்தைப் பிடித்து இழுத்தது. சரம் முழுசாகக் கொம்பில் சுற்றிக்கொண்டது. அதோடு தெர்மாகோலில் வெட்டி ஒட்டியிருந்த மாப்பிள்ளை பெயரின் முதல் எழுத்தும் பிய்ந்து வந்தது. ஹரீஷ் என்ற மாப்பிள்ளையை வெறும் ரீஷாக்கிவிட்டு, மாலையும் ‘ஹ’வுமாக, அது தன் நிச்சயதார்த்தத்துக்குக் கிளம்பியது போல காப்பிச் செடிகளுக்குள் இறங்கிப் போய்விட்டது.

நாலு பேர் ஓடிப்போய்ப் பெரியவரைத் தூக்கி வந்தோம். தண்ணீர் குடித்தார். இன்னொரு டம்ளர் குடித்தார். பிறகு குரல் திரும்பியது.

“எவன்டா அவன், என்னையக் கம்முனு உக்காருன்னவன்? இவன்தானே? மேனேஜர் எங்கய்யா? இப்பவே இவன் சீட்டைக் கிழிக்கணும்!”

ஒரு கூட்டமே சுற்றி நின்றது. என் மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த நேரம். அந்த வயதில் வேறு ஓட்டலில் யார் சேர்ப்பார்கள்? எட்வின் சார் வந்து இரண்டு கை தூரத்தில் நின்றார். கைகளைப் பின்னால் கட்டினார். தலையைச் சரியான அளவுக்குச் சாய்த்தார்.

“என்னையப் பார்த்து, கம்முனு உக்காருங்கறான்!”

“கம்முனு உக்காரு, சார்…” என்று எட்வின் சார் மிகுந்த வருத்தத்தோடு திருப்பிச் சொன்னார்.

பெரியவர் துள்ளினார். “பார்த்தீங்களாய்யா? இப்ப இவனும் சொல்றான்!”

எட்வின் சாருக்குத் தான் என்ன செய்துவிட்டோம் என்றே விளங்கவில்லை. காது சிவக்க ஆரம்பித்தது. அவர் கண்ணாடியைக் கழற்றி டையால் துடைப்பதைப் பார்த்தேன். போச்சு, நம் கதை முடிந்தது என்று கும்பிட்டுக்கொண்டேன். அப்போதுதான் கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“நாந்தானுங்க சொல்லச் சொன்னேன்.”

சரசு அம்மா. எல்லோரும் திரும்பினார்கள். பெரியவரும் திரும்பினார்.

“நீயா?”

“ஆமாங்க. எனக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு. நாஞ்சொல்லி, அந்தத் தம்பி சத்தமாச் சொல்லுச்சுங்க.”

சுத்தப் பொய். என் பக்கம் பார்க்காமல் சொன்னார். பெரியவர் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில், “பாயாசம் எங்க?” என்றார்.

சாயங்காலம் அவர்கள் கிளம்பும்போது நான் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போனேன். சரசு அம்மா டிக்கிப் பக்கம் நின்றிருந்தார். கையெடுத்துக் கும்பிட்டேன்.

“அம்மா, என்ற வேலையக் காப்பாத்திட்டீங்க.”

“நீங்க அவரக் காப்பாத்துனீங்களே தம்பி.” அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “ஏனுங்க, அதச் சொல்றப்ப உங்களுக்குப் பயமா இல்லீங்களா?”

“நொம்பப் பயமுங்க.”

“மாட்டப் பார்த்தா?”

“இல்லீங்க. அவரப் பார்த்து.”

சேலை நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எப்புடிச் சொன்னீங்க? இன்னொருக்காச் சொல்லுங்க பார்ப்போம்” என்றார். நான் சன்னமாகச் சொல்லிக் காட்டினேன். உதட்டை அசைத்து, சத்தம் வராமல் அவரும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். கார் கதவைத் திறந்து பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

பெரியவர் முன்சீட்டில் உட்கார்ந்து ஏற்கனவே ஆரம்பித்திருந்தார். “டேய், செகண்டு கியர்லயே வா. வளைவுக்கு வளைவு ஆரன் அடி. பிரேக்க இப்பவே மிதிச்சுப் பாரு. எதுக்கால பஸ்ஸு வந்தா நீ நில்லு. வரும்போது நீ திருப்புனது திருப்பலாடா அது?” டிரைவர் தலையை ஆட்டி ஆட்டிக் கழுத்து சுளுக்கியவர் போல இருந்தார். அடிவாரம் வரைக்கும் அத்தனை கொண்டை ஊசி வளைவிலும் இதைக் கேட்டுக்கொண்டுதான் அந்த மனுசன் இறங்க வேண்டும்.

“…ஏண்டா, கண்ணாடியப் பார்த்தியா? இடது பக்கம் பார்த்தியா? முதல்ல ஒன்ற…”

“கம்முனு வாங்க” என்றார் சரசு அம்மா.

சத்தமாகச் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, சால்வையைப் போர்த்தியபடி, சாதாரணமாகச் சொன்னார். பெரியவர் பின்னால் திரும்பினார். அவரைப் பார்த்தார். பிறகு மெல்ல முன்னால் திரும்பி, மடியில் இரண்டு கைகளையும் கோத்து வைத்துக்கொண்டார்.

வண்டி நகர்ந்தது. கேட்டைத் தாண்டும்போது டிரைவர் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டி, எனக்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டுப் போனார்.